ஏழாவதில் நாகா

போன ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் வீட்டுப் பிள்ளையார் நீல நிறத்தில் மின்னினார்.

நம்புங்கள். என் கண்ணால் பார்த்தேன். பெண் பார்க்க வந்திருந்தவர்களும் பார்த்தார்கள். ஒரு முறை மின்னினார்... நின்றார்... மறுபடியும் மின்னினார். மாப்பிள்ளையின் அம்மா ருக்மணி அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அற்புதம் எல்லாம் இல்லை. பிள்ளையாருக்கு அடியில் பட்டுத் துணி. பட்டுத் துணிக்கு அடியில் என் அண்ணன் மகள் மேகலாவின் வீடியோ கேம் பெட்டி. அவசரத்தில் அதை ஓஃப் பண்ண மறந்து மூடிவிட்டார்கள். அவ்வளவுதான்.

ஏன் மூட வேண்டும்? முப்பத்திரண்டு வயதுப் பெண் உட்கார்ந்து டிராகன் கேம் ஆடுகிறாள் என்று மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் — இது அண்ணனின் கவலை. துணி மட்டும் போட்டால் சந்தேகம் வருமே என்று மேலே பிள்ளையாரையும் உட்கார வைத்துவிட்டார். அண்ணன் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார்.

அந்த கேமைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயரைச் சொன்னால் இலவச விளம்பரம் ஆகிவிடும், வேண்டாம். இதுவரை ஏழு பார்ட் வந்திருக்கிறது. ஒரு ராஜா, ஒரு ராணி, வாளோடு ஒரு ஹீரோ, அப்புறம் வானம் முழுக்க நாகா.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் டிராகனுக்கு நாகாதான் பெயர், மலாய்ச் சொல். சந்தையில் விற்கும் சிவப்புத் தோல் பழம் ‘புவா நாகா’. சீனப் பெருநாளுக்கு ஆடுவது நாகா. மேகலாவின் டிவியில் நெருப்பு கக்குவதும் நாகா. நாகம் என்றால் புற்றில் இருப்பது, நாகா என்றால் வானத்தில் பறப்பது. வேகமாகப் பேசினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் காதில் விழும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மேகலா ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி கண்ட்ரோல் பார்க்கிறாள். அடுத்தவர் செய்து வைத்ததில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் அவளுக்குச் சம்பளம். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்கத் தெரியாது. இரண்டு வீடு தள்ளி இருக்கும் நான் சாயங்காலத் தேநீருக்கு அங்கேதான் போவேன். போனால் புகார் ஆரம்பமாகும்.

“அத்தை, முதல் பார்ட்ல உலகத்துலயே இதுதான் கடைசி நாகான்னு சொல்லி ஒண்ணைக் கொல்லச் சொன்னான். கடைசி! நான் அழுதுகிட்டே கொன்னேன். ரெண்டாவது பார்ட்ல பார்த்தா நாப்பது நாகா பறக்குது. என்னா கணக்கு இது?”

எனக்கென்ன தெரியும்?

“முதல் பார்ட்ல ராணி செத்துட்டாங்க. எரிச்சு, சாம்பலைக் கடல்ல கரைச்சாச்சு. மூணாவது பார்ட்ல விருந்துல உட்கார்ந்து சூப் குடிக்கிறாங்க. ஒருத்தன்கூட எப்படிம்மா வந்தீங்கன்னு கேக்கல!”

“வேற ராணியா இருக்கும்” என்றேன்.

“அதே மச்சம், அத்தை.”

இன்னும் கேளுங்கள். நாகா பறக்கிற ஜந்து. அதைத் தடுக்க ராஜா பத்து வருஷமாகச் சுவர் கட்டுகிறார். சுவர்! “கூரை போட வேண்டியதுதானே?” என்று நான் கேட்டபோது மேகலா ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது. இத்தனை வருடமாகப் பத்திரிகையில் இந்த வாரப் பத்தியை எழுதி அவளிடம் வாங்காத மரியாதை.

ஊரே எரிந்துகொண்டிருக்கும்போது கேமில் வருகிற கடைக்காரன் மட்டும் அசையாமல் நின்று ‘வாங்க, என்ன வேணும்?’ என்கிறான். இதையும் அவள் குறை என்றாள். எனக்கு அப்படித் தெரியவில்லை. தீபாவளிக்கு முதல் நாள் ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் துணி எடுத்தவர்கள் என் பக்கம் நிற்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த முட்டை. இரண்டாவது பார்ட்டின் கடைசியில் குகைக்குள் ஒரு தங்க முட்டை பளபளக்கிறது. பெரிய மியூசிக் வேறு. அதற்குப் பிறகு ஐந்து பார்ட் வந்துவிட்டது... முட்டையைப் பற்றி மூச்சே இல்லை.

“முட்டை யாருது அத்தை? இதுகூடச் சொல்லாம எப்படி நிம்மதியா தூங்கறான் அதை எழுதினவன்?”

“நீ இருக்கிற ஊருக்கே காஜா பெராங்னு பேரு. கோபம் வந்த யானை. எந்த யானை? யார் மேல கோபம்? யாராவது கேட்டோமா? பேசாம வரி கட்டிட்டு இருக்கலையா?” என்று ஒருநாள் மடக்கினேன்.

“கேக்கணும்” என்றாள் மேகலா.

இவள் இப்படிக் கேட்டுக் கேட்டே மூன்று மாப்பிள்ளைகள் போய்விட்டார்கள். தனியாகப் பேசவிட்டால் வேலை, சம்பளம், கார் எதையும் கேட்க மாட்டாள். கேமில் முட்டை யாருடையது என்று கேட்பாள். முதலாமவர், “ஹீரோவோடதுதான்” என்றார். மனிதன் முட்டையிடுவானா? இரண்டாமவர், “வெறும் கேம்தானே லா!” என்று சிரித்தார். மூன்றாமவர் அரை மணி நேரம் விளக்கம் கொடுத்தார். அவர் அந்த கேமைப் பார்த்ததே இல்லை என்பது பிறகு தெரிந்தது.

அதற்கு முன்னால் வந்த இரண்டு இடங்கள் ஜாதகத்திலேயே நின்றுபோயின. ஏழாம் வீட்டில் ராகு. நாக தோஷம். பெண்ணின் முகத்தைக்கூடப் பார்க்காமல் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை.

பத்து பெரெண்டாமிலிருந்து தினகரன் வீட்டார் வருவதாகச் சொன்னபோது மேகலா தெளிவாகச் சொல்லிவிட்டாள். “இதுதான் கடைசி, அத்தை. இதுக்கு மேல நான் தட்டு தூக்க மாட்டேன்.”

“கடைசி நாகா மாதிரியா?” என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

இப்போது ஓர் உண்மையை உங்களிடம் ஒப்புக்கொண்டாக வேண்டும். அண்ணன் ஒருநாள் ஒரு துண்டுச் சீட்டோடு என் வீட்டுக்கு வந்தார். மேகலா பிறந்த தேதி, நேரம், ஊர் எழுதிய சீட்டு. மாப்பிள்ளை வீட்டார் அதை வைத்து ஜாதகம் கணிக்கப் போகிறார்கள். காலை 7.10 என்று இருந்தது.

“ஒம்பது பத்துன்னா ராகு பக்கத்து வீட்டுக்குப் போயிடுறாராம், சாந்தா. ஜோசியரைக் கேட்டுட்டேன். நீதானே எழுத்தாளர்...” என்று இழுத்தார் அண்ணன்.

ஏழுக்கு இடது பக்கம் ஒரு சின்ன வளைவு போட்டால் ஒன்பது. போட்டுவிட்டேன். ராகு மூட்டை முடிச்சோடு குடிமாறிவிட்டார். இவ்வளவு சின்னதாக எழுதி இவ்வளவு பெரிய காரியம் நான் செய்ததில்லை. மேகலாவுக்குத் தெரிந்தால் என்னை மன்னிக்க மாட்டாள் என்று தெரியும். தெரிந்துதான் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். பிள்ளையார் மின்னுவதை எல்லாரும் பக்தியோடு பார்த்தபோது மாப்பிள்ளை தினகரன் மட்டும் தலையைச் சாய்த்துப் பார்த்தார். முப்பத்தைந்து வயது, மெஷின் டெக்னீஷியன். நீல விளக்கு எதனுடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

மேகலா தட்டோடு வந்தாள். புவா நாகா, கேக், முறுக்கு. பிறகு வழக்கம்போல் ‘ரெண்டு பேரும் தனியா பேசட்டும்’ என்றார்கள். இடம் எங்கே இருக்கிறது? வாசலில் கார் நிறுத்தும் இடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஹாலுக்கும் அதற்கும் நடுவே கண்ணாடிப் பட்டை ஜன்னல். அந்த ஜன்னலுக்கு மூடத் தெரியாது. அவர்கள் தனியாகப் பேசுவதை நாங்கள் எட்டு பேர் தெளிவாகக் கேட்கலாம்.

ஹாலில் மாப்பிள்ளையின் தாய்மாமா சண்முகம் இரண்டு ஜாதகத்தையும் விரித்து வைத்திருந்தார். எங்கள் துண்டுச் சீட்டும் அவர்கள் வீட்டுச் சீட்டும் மேலேயே கிடந்தன.

“பத்துக்கு எட்டுப் பொருத்தம். ராகு ரெண்டு பக்கமும் சுத்தம்” என்றார் சண்முகம் மாமா, பெருமையாக.

சரியாக அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாக மேகலாவின் குரல் வந்தது.

“எனக்கு ஏழாவதுலதான் நாகா பிரச்சனை.”

அண்ணனின் கையிலிருந்த முறுக்கு வாய்க்குப் போகும் வழியிலேயே நின்றது.

“எனக்கு அஞ்சாவதுலயே நாகா பிரச்சனைங்க” என்றது தினகரனின் குரல்.

ருக்மணி அக்காவின் முகம் வெளுத்தது.

“வீட்டுல தெரியுமா?” என்று கேட்டாள் மேகலா.

“அம்மாவுக்குத் தெரியும். வெளிய சொல்லாதடா, பொண்ணு கிடைக்காதுன்னாங்க. உங்க வீட்டுல?”

“எங்கப்பாதான் மறைச்சாரு. பட்டுத் துணி சாத்தி, பிள்ளையாரை வெச்சு... எல்லாம் பண்ணிட்டாரு.”

வாசகர்களே, உங்களுக்குத் தெரியும். அவர்கள் பேசியது ஏழாவது பார்ட்டையும் ஐந்தாவது பார்ட்டையும், மூடி வைத்த கேம் பெட்டியையும் பற்றி. எனக்கே அது ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. அண்ணனுக்கு எங்கே உறைக்கப் போகிறது? எழுந்து நின்று கும்பிட்டுவிட்டார்.

“மன்னிச்சுக்குங்க. ஏழுலதான் ராகு. நாக தோஷம் இருக்கு. பரிகாரம் பண்ணிட்டோம்!”

அதே நொடியில் ருக்மணி அக்காவும் எழுந்தார். “பாவிப் பய, அவனே சொல்லிட்டானா? அஞ்சுல ராகு இருக்கறதை அவனே சொல்லிட்டானா!”

இரண்டு பேரும் சேர்ந்து கத்தியதால் யார் என்ன சொன்னார்கள் என்று பிரித்தெடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நீல நிறத்தில் பிள்ளையார் மட்டும் மின்னிக்கொண்டிருந்தார்.

“இவங்க பொண்ணுக்கும் தோஷம். நம்ம பையனுக்கும் தோஷம்” என்று சண்முகம் மாமா மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். “ஏன்க்கா, எங்கிட்டகூடச் சொல்லலையே நீ? தோஷத்துக்குத் தோஷம் சேர்ந்தா இதைவிட நல்ல பொருத்தம் ஏது? இதைப் போயா ரெண்டு வீட்டுலயும் ஒளிச்சு வெச்சீங்க?”

அவ்வளவுதான். அண்ணி அழுதுகொண்டே சிரித்தார். அண்ணன் முறுக்கைக் கடித்தார். ருக்மணி அக்கா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் பெருமூச்சு விட்டு, தேநீரை எடுத்தேன்.

வாசலில் மேகலா நின்றுகொண்டிருந்தாள்.

எப்போது உள்ளே வந்தாளோ, எவ்வளவு கேட்டாளோ தெரியாது. நேராக மேசைக்கு வந்தாள். துண்டுச் சீட்டை எடுத்தாள். தொழிற்சாலையில் செய்வதுபோல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

“இந்த ஒம்பதுல ரெண்டு இங்க் இருக்கு” என்றாள்.

சண்முகம் மாமா எட்டிப் பார்த்தார்.

“ஏழு பத்துக்குப் பொறந்தது நான். ஒம்பது பத்துக்குப் பொறந்தது யாரு?”

அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார்.

“இந்த போஹோங்கை எழுதினது யாரு?” போஹோங் என்றால் பொய். எங்கள் வீட்டில் கோபம் வந்தால்தான் மலாய் வரும்.

“நான்தான்” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். “நீங்களா அத்தை? தினமும் எங்கூட உட்கார்ந்து, செத்த ராணி எப்படி சூப் குடிக்கலாம்னு நீங்களும் சேர்ந்து கேட்டீங்களே... என்னை வேற ஒருத்தியா மாத்தினாத்தான் என்னைக் கட்டிக் கொடுக்க முடியுமா?”

வெட்கமாக இருந்தது. வாரா வாரம் உங்களுக்கு வியாக்கியானம் செய்கிற இந்த வாய்க்கு ஒரு சொல் வரவில்லை. இந்தக் கல்யாணம் நின்றால் நின்றது என் பேனாவால்தான் என்று மட்டும் புரிந்தது. எந்த யானைக்குக் கோபம் என்பதும் அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

அப்போது அவள் பின்னால் நின்ற தினகரன் குனிந்து தங்கள் வீட்டுச் சீட்டை எடுத்தார். “அம்மா, எனக்கு ஏன் தினகரன்னு பேர் வெச்சீங்க?”

“சூரியன் கெளம்புற நேரத்துல பொறந்தியேப்பா” என்றார் ருக்மணி அக்கா, தன்னை மறந்து.

“இதுல மாலைன்னு போட்டிருக்கு.”

ருக்மணி அக்கா பட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். ‘கா’வை ‘மா’ ஆக்கியிருக்கிறார்! நான் இரண்டு மணி நேரத்தை நகர்த்தினேன், அந்த அம்மா பன்னிரண்டு மணி நேரத்தையே நகர்த்திவிட்டார். தொழிலில் எனக்கு மூத்தவர். மாலையில் பிறந்த பிள்ளைக்கு யாராவது தினகரன் என்று பெயர் வைப்பார்களா என்று எனக்குத் தோன்றவே இல்லை, பாருங்கள். ஓட்டைக்காரிக்கு அடுத்தவர் ஓட்டை கண்ணில் படாது போல.

தினகரன் இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மேகலாவைப் பார்த்தார்.

“ஒம்பது பத்து பொண்ணுக்கும் சாயங்கால மாப்பிள்ளைக்கும் எட்டுப் பொருத்தமாம். அவங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கட்டுங்க. நமக்கு இன்னும் யாரும் பார்க்கலையே... நாமளே பார்த்துக்கலாமா?”

மேகலா இரண்டு சீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“முட்டை யாருது?”

“கேக்குல முட்டையே இல்லம்மா!” என்று அலறினார் அண்ணி. சுத்த சைவமான சண்முகம் மாமா அப்போதுதான் இன்னொரு துண்டை வாயில் போட்டிருந்தார். மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

தினகரன் யோசித்தார். தலையைச் சொறிந்தார். “தெரியலைங்க. மூணு வருஷமா நானும் யோசிக்கிறேன். சத்தியமா தெரியல.”

தெரியல. மூன்று மாப்பிள்ளைகள் வந்து போனார்கள், இந்த ஒரு சொல்லைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. மேகலாவின் உதட்டோரம் லேசாக நெகிழ்ந்ததைப் பார்த்தேன்.

“சரி, அந்தச் செவுரு?”

“கூரை போட்டிருக்கலாம்.”

அது என் பதில்! நான் சொன்ன பதில்! வாயைத் திறக்கப் போனேன், மூடிக்கொண்டேன். போகட்டும், கல்யாணச் சீராக இருக்கட்டும்.

மேகலா சம்மதம் சொன்னாள். எல்லாரிடமும் பேசினாள், என்னைத் தவிர. திங்கள், செவ்வாய், புதன்... தேநீருக்குப் போகவில்லை. போகத் தைரியம் இல்லை. வீட்டில் உட்கார்ந்து யோசித்தேன். ஒரு நாகாவிடம் எவ்வளவு லாஜிக் கேட்கிறோம்! சுவரை ஏன் கட்டினாய், முட்டையை ஏன் மறந்தாய் என்று குதிக்கிறோம். நம் வீட்டு ஆல்பத்தில் ஒரு படத்தில் மட்டும் ஒருவர் தலை கத்தரித்திருக்கிறது. யாராவது கேட்கிறோமா? என் இரண்டு சித்தப்பாக்களும் பேச்சை நிறுத்தியது எதற்காக என்று அவர்களுக்கே மறந்துவிட்டது, ஆனால் நிறுத்தியதை மட்டும் விடவில்லை. கேம் எழுதுகிறவனாவது முகம் தெரியாதவர்களைத்தான் ஏமாற்றுகிறான். நாம் பக்கத்தில் உட்கார்ந்து, கூடவே தேநீர் குடித்துக்கொண்டே செய்கிறோம். அன்புக்காகச் செய்தேன் என்று சொல்லலாம்தான். அந்தச் சுவரைக் கட்டின ராஜாவும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

நேற்று சாயங்காலம் கேட் சத்தம் கேட்டது. மேகலா. கையில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும்.

“சண்முகம் மாமா மூணு முகூர்த்தம் குறிச்சுக் கொடுத்தாரு. நான் ஒண்ணு எடுத்துட்டேன். கல்யாணப் பத்திரிகைக்கு எழுதணும். நீங்கதானே எழுத்தாளர்?”

குத்தல்தான். வாங்கிக்கொண்டேன். “நேரம் சொல்லு.”

“காலை ஏழே கால்ல இருந்து ஒம்பது வரைக்கும்.”

நிமிர்ந்து பார்த்தேன்.

“ஏழுக்கும் ஒம்பதுக்கும் நடுவுல இருந்த நேரம் எங்க போச்சுன்னு யாராவது கேட்டா, அப்பதான் எனக்குக் கல்யாணம் நடந்துச்சுன்னு சொல்லிக்கலாம், அத்தை. ஏழு ஏழாவே இருக்கட்டும். வளைவு எல்லாம் வேணாம்.”

எழுதினேன். கண்ணில் தண்ணீர் நின்றதால் ஏழு கொஞ்சம் கோணலாக வந்தது. அவள் தாளை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள், நன்றாகப் பார்த்தாள், மடித்து வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, “தண்ணி கொதிக்க வைங்க” என்றாள்.

செத்த ராணி எப்படித் திரும்பி வந்து சூப் குடித்தாள் என்று இனிமேல் நான் கேட்கப் போவதில்லை — அவளுக்கும் மன்னிக்க ஓர் அத்தை இருந்திருப்பாள்.